டூட்யே புல்டோசருக்கு சிங்கப்பூரில் வைத்தியம்

இந்த ஜூலையில் பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது என் பெட்டியில் துணி பாதி, இரும்பு பாதி. எங்கள் பழைய புல்டோசரின் தண்ணீர் பம்பு, அதன் பிளேடைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் கழுத்து மூடி, அதற்குள்ளிருந்து பெயர்த்தெடுத்த பழைய சீல்கள் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்), இரண்டு ஹோஸ்களின் அறுத்த முனைகள். எல்லாவற்றையும் டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, பழைய கைலியில் சுற்றியிருந்தேன். அக்காவுக்கு வாங்கிய தேன் பாட்டில்கள் அந்த கைலிக்கு நடுவில்தான் பத்திரமாகப் பயணம் செய்தன.

எங்கள் நிலம் பெர்த்துக்கு வடகிழக்கே சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி, டூட்யே பக்கம் இருக்கிறது. 2009 டிசம்பர் 29 அன்று அந்த வட்டாரத்தில் பரவிய காட்டுத்தீயில் 38 வீடுகள் எரிந்துபோயின. நாங்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். ஆனாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். கோடை வருவதற்குள் எல்லை நெடுகப் புல்லையும் புதரையும் வழித்துத் தீத்தடுப்புப் பாதை போட்டாக வேண்டும். வெயில் ஏறியபின் அந்த வேலையை வைத்துக்கொள்ள முடியாது. புல்டோசர் சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற டிராக்கின் இரும்புப் பட்டை கருங்கல்லில் உரசினால் பொறி பறக்கும். அபாயமான நாட்களில் காட்டில் வண்டி ஓட்டவே தடை போட்டுவிடுவார்கள்.

அந்த வேலைக்கு எங்களிடம் இருப்பது நிலத்தோடு சேர்ந்து வந்த ஒரு கேட்டர்பில்லர் டி4 புல்டோசர். 1947 முதல் 1959 வரை தயாரான 7யூ வரிசை. மண்ணைத் தள்ளும் பிளேடும் அதைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் பிற்பாடு யாரோ பொருத்தியவை. நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். அதைக் கிளப்ப பேட்டரி மோட்டார் கிடையாது. இரண்டு சிலிண்டர் கொண்ட சின்னப் பெட்ரோல் என்ஜின் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். போனி என்பார்கள். முதலில் போனியைக் கிளப்ப வேண்டும். இரண்டு என்ஜினுக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்பதால், அது ஓட ஓடப் பெரிய என்ஜினும் சூடேறும். போனியின் புகை கூட, டீசல் என்ஜின் இழுக்கும் காற்றுக் குழாயைச் சுட வைத்துவிட்டுத்தான் வெளியே போகும். ஆயில் பிரஷர் காட்டும்வரை பொறுமையாகச் சுழற்றிவிட்டு அப்புறம் டீசலைத் திறந்தால், குளிர்காலக் காலையிலும் பிடித்துக்கொள்ளும். இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு ஒவ்வொரு முறையும் மரியாதை கூடும்.

சரி, கோளாறு என்ன? தண்ணீர் பம்பு ஒழுகியது. தூக்கிய பிளேடு தானாக இறங்கியது, சிலிண்டர் கழுத்தில் எண்ணெய் கசிந்தது. ஹோஸ் இரண்டும் வெடிப்பு விட்டிருந்தன. சில பாகங்கள் பெர்த்திலேயே கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியிருந்ததோ பாகத்தைப் பார்த்து, அளந்து, செய்து தருகிற ஆட்கள். கப்பல் பட்டறைகளை நம்பி வாழ்ந்த ஊரில் அந்தக் கை இன்னும் இருக்கும் என்று நம்பிப் போனேன்.

முதலில் போனது பிடோக்கில் சித்தப்பா வீட்டுக்கு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1966-இல் கிழக்குக் கடற்கரையில் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியபின் அங்கே புல்டோசர் ஓட்டியவர். பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளை வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிக் கடலோரம் வந்து கொட்டும். அதை இவர்கள் பரப்பிச் சமன் செய்வார்கள். இன்று மரீன் பரேட் அடுக்குமாடிகள் நிற்கும் இடம் அப்படி வந்த நிலம்தான். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, பெட்டியிலிருந்த இரும்பை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கையில் எடுத்துப் பார்க்கும் முன்பே அவர் கேட்டது வேறு.

"டிராக் எவ்வளவு தொய்வா வச்சிருக்கீங்க?"

முன் ஐட்லருக்கும் (டிராக் சுற்றி வரும் முன் சக்கரம்) மேல் ரோலருக்கும் (டிராக்கைத் தாங்கும் உருளை) குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, நடுவில் டிராக் எவ்வளவு கீழே தொங்குகிறது என்று அளக்க வேண்டும். எங்கள் மெஷினுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம். நாங்கள் விறைப்பாக வைத்திருந்தோம். தொங்கினால் கழன்றுவிடும் என்ற பயம்.

"இழுத்துக் கட்டினா டிராக்கைக் கோக்குற பின்னும் அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷும் அரைச்சுத் தின்னுடும்மா. ரிவர்ஸ்ல வேகமாப் போகாத. முன்னால போறதைவிட பின்னால போறப்பதான் புஷ் அதிகமாத் தேயும். சாயங்காலம் மண்ணை வழிச்சு எடுத்துட்டு நிறுத்து, காஞ்சா கல்லாயிடும்."

புல்டோசர் வைத்திருக்கிறவரின் பணத்தில் பெரும்பங்கை விழுங்குவது டிராக், ரோலர், ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரம் எல்லாம் அடங்கிய கீழ்ப்பகுதிதான். பல வருடமாக வைத்திருந்தும் இது எங்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். இன்னொன்றும் சொன்னார். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும்போது ஸ்டீயரிங் கிளட்ச் நெம்புகோல் இரண்டையும் பின்னால் இழுத்துக் கயிறு போட்டுக் கட்டி வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கிளட்சின் தட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு பக்கம் திரும்பவே திரும்பாது. போன வருடம் எங்களுக்கு அதுதான் நடந்தது.

மறுநாள் சுங்கை காடுட் தொழிற்பேட்டை. அந்தப் பேட்டையை அரசு அமைப்பான ஜேடிசி புதிதாக மாற்றியமைத்து வருவதால் நான் சின்ன வயதில் பார்த்த மரப்பட்டறைகள் பல இல்லை. கிராஞ்சியில் இறங்கி பஸ் பிடித்து, கையில் பம்போடு ஒரு லேத் பட்டறையைத் தேடிப் பிடித்தேன். தவுக்கே, அதாவது முதலாளி, வயதான சீனர். பம்பைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, முப்பது வயது இருக்கும்.

அவர் பம்பைக் கழற்றிய விதத்தை நான் மறக்க மாட்டேன். சுத்தியலைத் தொடவில்லை. இறக்கையை பிரஸ்ஸில் வைத்து மெதுவாகப் பிரித்தார். நடுவில் சுழலும் தண்டான ஷாஃப்டைத் துணியால் துடைத்தார். பிறகு கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் இழுத்தார். சீல் உட்காரும் இடத்தில் நகம் நின்றது.

"இங்கதான் அக்கா. சீல் எத்தனை மாத்தினாலும் ஒழுகும். பள்ளம் விழுந்திருச்சு."

நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை சீல் மட்டும் மாற்றியிருந்தோம். கப்பல் வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் புது ஷாஃப்ட் கடைந்து, வெண்கல புஷ்ஷும் போட்டுத் தருவதாகச் சொன்னார். மூன்று நாள் கேட்டார், இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. வாங்கப் போனபோது, "ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தாதீங்க அக்கா, துருத் தடுப்பு கூலண்ட் கலந்து ஊத்துங்க, இல்லன்னா உள்ளுக்குள்ள அரிச்சிடும்" என்றார். நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தது தொட்டித் தண்ணீர். தவுக்கே கூலியை எழுதிக் கொடுத்தார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

சீல் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. நான் முதலில் போன கடையில் கவுண்டரில் இருந்தவர் பழைய சீலைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் போய்வரும் ராடு 2 அங்குலம் என்றேன். கணினியில் தட்டினார், பொட்டலம் வந்தது, பணம் கட்டினேன். வீட்டில் சித்தப்பா அந்தப் புது சீலில் வெர்னியர் அளவுகோலை வைத்தார்: 50 மில்லிமீட்டர். 2 அங்குலம் என்பது 50.8. திரும்பக் கொண்டுபோனால், பொட்டலம் பிரித்தாயிற்று, மாற்ற முடியாது என்றார்கள். "ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை, போடலாம்" என்றும் சொன்னார் அவர். பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. இறுக்கமாக ஏறும் சீல் ராடைக் கவ்விச் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிளேடை நம்பி அதன் அடியில் யாரும் கைவைக்கக் கூடாதுதான், ஆனால் மெஷின் சொன்ன சொல் கேட்க வேண்டும் என்றால் இந்த 0.8 மில்லிமீட்டர்தான் எல்லாம்.

இரண்டாவது கடை காக்கி புக்கிட்டில். அவர்கள் சீல் விற்பதில்லை, கடைகிறார்கள். பாலியுரெத்தேன் குழாய்த் துண்டு ஒன்றைக் கணினி லேத்தில் மாட்டி, அளவைக் கொடுத்தால், ஆப்பிள் தோல் சீவுவது போல் சுருள் சுருளாக விழுந்து, சில நிமிடத்தில் புது சீல் கையில். அங்குலமோ மில்லிமீட்டரோ அவர்களுக்கு ஒன்றுதான். அங்கிருந்த மலாய்க்காரப் பெரியவர் கழுத்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே பிஸ்டன் சீலும் போயிருக்கும், அதன் அளவு எங்கே என்று கேட்டார். நான் அதைக் கொண்டுவரவில்லை. அங்கேயே நின்று டூட்யேவுக்கு வீடியோ கால் போட்டேன். என் கணவர் கொட்டகைக்குப் போய் பிஸ்டனை மேசையில் வைத்து மூன்று இடத்தில் அளந்து சொன்னார். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணி என்பது அன்று எவ்வளவு வசதி! மூன்று அளவும் ஒத்துப்போன பிறகுதான் பெரியவர் மெஷினை ஓடவிட்டார்.

ஹோஸ் அரை மணி வேலை. ஒரு முனை ஜேஐசி, மறுமுனை என்பிடி, இரண்டும் வெவ்வேறு மரை வகை என்று அறுத்த துண்டைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய முனையைத் தூக்கி எறியாதீர்கள், மரையை வாயால் விளக்க முடியாது. ஹோஸ் கசிகிறதா என்று ஓடும்போது கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலுக்குள் ஏறினால் விரலே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

பொருள், சேவை வரி இப்போது 9 விழுக்காடு. வெளிநாட்டுப் பயணியாக இருந்தாலும் பட்டறைக் கூலிக்குக் கட்டிய வரி சாங்கியில் திரும்பக் கிடைக்காது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்த் விமான நிலையத்தில் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பம்பின் பள்ளங்களுக்குள் டார்ச் அடித்து மண் இருக்கிறதா என்று பார்த்தார். பல் துலக்கும் பிரஷ்ஷால் நான் தேய்த்த தேய்ப்பு வீண் போகவில்லை.

ஆகஸ்டில் எல்லாவற்றையும் மாட்டினோம். டிராக்கைத் தளர்த்தி ஒன்றேகால் அங்குலத்தில் வைத்தோம். ஓடும் சத்தமே மாறிவிட்டது, அந்தக் கிறீச்சொலி இல்லை. பம்பு சொட்டவில்லை. வடக்கு எல்லையில் பாதை போட்டு முடித்தாயிற்று. இடது பக்க மேல் ரோலரில் மட்டும் எண்ணெய் ஈரம் தெரிகிறது. படம் எடுத்து பட்டுக்கோட்டைத் தம்பிக்கு அனுப்பினேன். "அக்கா, பக்கத்துல ஸ்கேல் வச்சு இன்னொரு படம் எடுங்க" என்று பதில் வந்திருக்கிறது.