கோஆக்சியல் ஸ்பீக்கர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது காயில் இடைவெளி

காரின் முன்கதவுகளில் ஆறரை இஞ்ச் கோஆக்சியல் ஸ்பீக்கர் (பெரிய கோனின் நடுவிலேயே கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் இருப்பது) மாட்டிச் சில வருஷம் ஆகிறது. வெயில், மழை, கதவை அறைந்து சாத்துவது எல்லாவற்றையும் அவை பார்த்தாயிற்று. இதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸ் எதுவும் சொல்லாது, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்த இடைவெளியின் நடுவில் நேராக நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

சாதாரண ஸ்பீக்கரில் காயிலை மூடி ஒரு டஸ்ட் கேப் ஒட்டியிருக்கும். கார் கோஆக்சியல் பலவற்றில் ட்வீட்டரைத் தாங்கும் தண்டு, காந்தத்தின் நடு இரும்பிலிருந்து கிளம்பி கோனின் ஓட்டை வழியாக வெளியே வரும். தண்டைச் சுற்றி மெல்லிய வளையமாக இடைவெளி திறந்தே கிடக்கும். இரும்புத் துகள் அந்த வழியே உள்ளே போய்விட்டால் காந்தம் அதை விடாது. காயிலுக்கு இரு பக்கமும் இருக்கிற இடமோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான்.

கடையிலேயே சோதித்துவிடலாம். முதலில் அந்த வளையம் சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். அப்புறம் இரண்டு கை விரல்களையும் கோனைச் சுற்றிச் சம தூரத்தில் வைத்து, மெதுவாக, நேராக அமுக்கி விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் நல்ல காயில்கூட உரசும். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. காதைக் கிட்டே வைத்தால், கோளாறான பீஸில் உப்புத்தாளில் நகம் பட்ட மாதிரி ஒரு 'சர்க்' கேட்கும். ஆம்ப் இருந்தால் 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த வால்யூமில் விட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. பாட்டில் மறைந்துபோகும் உரசல் அதில் மறையாது.

என் இடதுபக்க ஸ்பீக்கர் கையில் இருந்தவரை சுத்தமாக இருந்தது. கதவில் ஏற்றியதும் பேஸ் வரும் இடத்தில் மட்டும் கரகரத்தது. அதன் ஃபிரேம், மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. அடியில் இருந்த பிளாஸ்டிக் வளையம் சமமாக இல்லை. ஃபிட்டர் டிரில் வைத்து ஒரு ஸ்க்ரூவை இறுக்கியதில் ஃபிரேமே லேசாக முறுக்கிக்கொண்டு காயிலை ஒரு பக்கம் தள்ளிவிட்டது. அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினேன். சத்தம் அப்படியே நின்றது. வளையத்துக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டி, எதிரெதிர் ஸ்க்ரூக்களாகக் கையால் இறுக்கினோம். கூடுதல் காசு கொடுத்தாலும் வார்ப்பு அலுமினிய ஃபிரேம் வாங்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்டினால் சரி. கோனை அசைக்கும்போது எண் குதித்தால் காயிலுக்குப் போகும் லீட் வயரில் கோளாறு இருக்கலாம். கோனின் விளிம்பைச் சுற்றியிருக்கும் சர்ரவுண்ட் ரப்பராக இருக்கட்டும். ஈரக்காற்றில் ஃபோம் பொடிந்துபோகும்.

காயில் இரண்டும் இன்றுவரை உரசவில்லை. பழுதானது, ட்வீட்டருக்குப் பேஸ் போகாமல் தடுக்க அதன் லைனில் இருந்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்தான். ஒரு பக்கம் சத்தம் மங்கியது. அதே 4.7 மைக்ரோஃபாரட் மதிப்பில் ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்கி, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிட்டேன்.