பிறந்த குழந்தைக்குச் சாமான் வாங்க எம்.சி. ரோடு: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறந்த குழந்தைக்குத் துணிமணி எடுக்க வட சென்னைக்காரர்கள் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை விட்டு வேறு எங்கும் அலைய வேண்டியதில்லை. துணி நன்றாக இருக்கும், விலை கட்டுப்படியாகும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் ஷேர் ஆட்டோ பிடித்து உடனே போய் வந்துவிடலாம். ஆனால் அதே ரோட்டில் வெல்வெட் செட், குட்டித் தலையணை, பவுடர் டப்பா என்று ஆசை காட்டும் பொருளும் நிறைய தொங்கும், அதில் பாதி நம் ஊர் வெயிலில் பிறக்கும் குழந்தைக்கு ஆகவே ஆகாது. போன சித்திரையில் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதால் சாமான் வாங்கும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டுவிட்டார். அதை வைத்துத்தான் எழுதுகிறேன், அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

எங்கள் வீட்டிலும் குழந்தை பூமிக்கு வரும் முன்னால் ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பார்கள். அதனால் பல வீடுகளில் பிரசவமான அன்றைக்கு யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ கடைக்கு ஓடி, பதற்றத்தில் கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் வாங்கி வந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் மனசு நோகாமல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒன்பதாம் மாதத்திலேயே போய் கடையைப் பார்த்து, துணியைத் தொட்டுப் பார்த்து, என்னென்ன எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள், காசு மட்டும் கொடுக்க வேண்டாம். குழந்தை பிறந்ததும் அந்தச் சீட்டோடு யாரை அனுப்பினாலும் சரியாக வாங்கி வருவார்கள். முதல் துணி பழசாக இருக்க வேண்டும் என்கிற வழக்கத்தில் எனக்கு முழுச் சம்மதம். பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பாட்டியின் காட்டன் புடவை மாதிரி ஒரு துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதை நாலாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காய வைத்து ஆஸ்பத்திரிப் பையில் முதலில் வையுங்கள்.

அப்புறம் ஜப்லா, அதாவது பிறந்த குழந்தைக்குப் போடும் சின்னச் சட்டை. நான் வழக்கமாகப் போகும் கடையின் பெயரைப் போடவில்லை, அந்த ரோட்டில் அது மாதிரி சின்னச் சின்ன குழந்தைத் துணிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அங்கே இருக்கும் அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் கேட்டதும், "பொறந்த கொழந்தைக்கா? அப்போ தலை வழியா மாட்டுறது வேணாம்மா, கழுத்து நிக்காது, முன்னாடி கயிறு கட்டுறது எடுத்துக்கோ" என்று சொல்லி, ஒரு ஜப்லாவை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அக்குள் தையல் மேல் தன் புறங்கையை மெதுவாக ஓட்டிக் காட்டினார். விரல் நுனியில் தெரியாத சொரசொரப்பு புறங்கையில் பளிச்சென்று தெரிகிறது. தையல் நூல் நைலானாக இருந்தால் அந்த இடத்தில் சுருக்கென்று குத்தும். அப்படிக் குத்திய இரண்டை அவரே ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தார். கழுத்துக்குப் பின்னால் லேபிள் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிரித்து எடுத்துவிடுங்கள். மல்லு மாதிரி மெல்லிய காட்டன், வெளிர் நிறம், கயிறு கட்டுவது, இது மூன்றும் இருந்தால் போதும். ஒரு டஜன் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மாதத்துக்குள் சின்னதாகிவிடும், பார்க்க வருகிறவர்களும் துணிதான் கொண்டு வருவார்கள்.

நாப்கினில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். தாய்ப்பால் நன்றாக இறங்கிய பிறகு, அதாவது ஐந்தாம் நாள் வாக்கில் இருந்து, குழந்தை ஒரு நாளைக்குக் குறைந்தது 6 தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும், பால் போதுகிறதா என்பதற்கு அதுதான் வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம். நிஜத்தில் அதைவிட அதிகமாகவே போகும், கூடவே வெளிக்கும் போகும். ஆக மூன்று டஜன் துணி நாப்கினாவது கையில் இருந்தால்தான் ஒன்று நனைய, ஒன்று காய, ஒன்று மடித்து வைக்க என்று ஓடும். முக்கோணமாகத் தைத்து நாடா வைத்தது நல்லது, தொப்புள் கொடி விழும் வரை அதற்குக் கீழே இறக்கிக் கட்டலாம். கொடி காய்ந்து தானாக விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை எண்ணெயோ மஞ்சளோ எதையும் தடவாமல் காற்றோட்டமாக விட்டாலே போதும். துணியா டயப்பரா என்று சண்டை போடுகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன், நம் தெருவில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற நாளில் மூன்று டஜன் நாப்கினை யார் அலசுவது? பகலில் துணி, ராத்திரிக்கும் தண்ணீர் தட்டுப்பாடான நாளுக்கும் நியூபார்ன் சைஸ் டயப்பர், இதுதான் எங்கள் வீட்டில் சரிப்பட்டு வந்தது. டயப்பரைச் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள், அந்த சைஸ் 5 கிலோ வரைக்கும்தான், நல்ல எடையில் பிறந்த குழந்தைக்குச் சீக்கிரமே பத்தாமல் போய்விடும்.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும், கடைத் தூசி இருக்கும், அதனால் துவைக்காமல் போடவே கூடாது. வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம். காய வைப்பதிலும் நம் பக்கத்துக்கு ஒரு கவனம் தேவை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் நின்ற பிறகு ராயபுரம் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எர்ணாவூர், எண்ணூர் பக்கத்து மாடிகளில் சாம்பல் தூசி படிகிறது என்று அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் இன்னும் புலம்புகிறார்கள். வெயிலில் காய்ந்ததும் உடனே எடுத்து நன்றாக உதறி மடித்து மூடி வைத்துவிடுங்கள், சாயங்காலம் வரை கொடியிலேயே விடாதீர்கள்.

வெல்வெட் செட்டுக்கு வருகிறேன். தொப்பி, கையுறை, காலுறை, சட்டை எல்லாம் ஒரே நிறத்தில் பெட்டிக்குள் அழகாக இருக்கும். ஒரு உறவுக்காரர் ஆன்லைனில் இப்படி ஒரு செட் வாங்கி அனுப்பினார், மேலே காட்டன் என்று எழுதியிருந்தது, உள்ளே தொட்டுப் பார்த்தால் வழவழவென்று பாலியெஸ்டர். தங்கச்சி ஆசைக்குப் போட்டோ எடுக்கப் போட்டதற்கே குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். அந்தக் காசுக்கு எம்.சி. ரோட்டில் ஜப்லா, நாப்கின், இரண்டு பூத்துவாலை, ஒரு ரப்பர் ஷீட் எல்லாம் வாங்கியிருக்கலாம். குழந்தை குளிர் தாங்காது என்பது உண்மைதான், பிறந்த முதல் சில நாட்களில் தொப்பி தேவைப்படும், ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள். அதற்காகச் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள் நாள் முழுக்கத் தொப்பியும் காலுறையும் மாட்டி வைத்தால் குழந்தை சூட்டில் தவித்து அழும், நாம் பசி என்று நினைப்போம்.

கொசுவலைக்குக் காசு செலவழிக்கத் தயங்க வேண்டாம். கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் ஓடும் ஊரில் இது இல்லாமல் முடியாது, இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசு விரட்டும் கிரீம் எதுவும் தடவவும் கூடாது, சுருள் புகையும் ஆகாது. குடை மாதிரி விரியும் வலையில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று அடியில் மெத்தையோடு ஜிப் வைத்தது, இன்னொன்று சும்மா மேலே கவிழ்ப்பது. கவிழ்க்கும் வகையை எடுங்கள், பாயோ தட்டையான கெட்டி மெத்தையோ எதன் மேலும் வைத்துக்கொள்ளலாம், வலையைத் தனியாகக் கழுவலாம். வாங்கும்போது கடையிலேயே விரித்து மூடிப் பாருங்கள், கம்பி நுனியில் துணி உறை பிரிந்திருந்தால் வேறு கேளுங்கள். மெத்தை செட்டோடு வரும் தலையணையும் பக்கத்தில் வைக்கும் உருளையும் வேண்டாம், கடுகு தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று நம் வீட்டில் சொல்வார்கள், ஆனால் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சின்னக் குழந்தையைத் தலையணை இல்லாமல், தட்டையான இடத்தில், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், மூச்சு முட்டும்படி சுற்றிலும் எதுவும் இருக்கக் கூடாது. தூளியில் ஆட்டுவது நம் ஊர் சுகம், நானும் ஆட்டினேன். ஆனால் கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் படாமல் யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும், தூங்கியதும் கீழே இறக்கிவிட வேண்டும்.

பவுடர், கண் மை, சாம்பிராணி மூன்றையும் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். பவுடர் மூச்சில் போகும், வேர்வையோடு மடிப்பில் கட்டி நிற்கும். மை சிலவற்றில் ஈயம் இருக்கிறது. புகை அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. திருஷ்டிக்கு என்று பாட்டி கேட்டால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டும், கண்ணுக்குள் போகாத வரை சரி.

பால் பாட்டில் எல்லாக் கடையிலும் வாசலிலேயே இருக்கும். 1992-ல் வந்த சட்டப்படி இந்த நாட்டில் பால் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது, அவ்வளவு யோசித்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும் இல்லையா? பாட்டிலும் நிப்பிளும் சரியாகச் சுத்தமாகாவிட்டால் வயிற்றுப்போக்குதான். பீய்ச்சிய பாலைக் கொடுக்க வேண்டி வந்தால் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும் ஒரு ஸ்டீல் பாலாடை போதும், மூலை முடுக்கு இல்லை, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் முடிந்தது. பாத்திரக் கடையில் கேளுங்கள், மூக்கு நுனி மழமழவென்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். வெயில் காலம், நாக்கு வறளும், ஒரு ஸ்பூன் தண்ணி கொடு என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் வேண்டாம், தாகத்துக்கும் அந்தப் பாலே போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மாதான்.

மருந்துக் கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பஞ்சு, குட்டி நகவெட்டி, டயப்பர் புண்ணுக்கு ஜிங்க் ஆக்சைடு கிரீம். வைட்டமின் டி சொட்டு மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, அவர் சொன்ன அளவில் கொடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் எதையும் வாங்கும் முன் அங்கே என்ன தருகிறார்கள் என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, அம்மாவுக்குச் சுண்டி லேகியம் என்று 16 பொருள் வைத்துக் கொடுத்தார்கள். அதில் வருவதை இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்குவானேன்?

எம்.சி. ரோட்டில் குறை என்று பார்த்தால் கூட்டமும் வண்டி நிறுத்த இடம் இல்லாததும்தான். மெட்ரோவில் வந்து நடந்து போய்விடுங்கள், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். வார நாளில் காலையில் கடை திறந்த சூட்டோடு போனால் கடைக்காரர்களும் நிதானமாக எடுத்துக் காட்டுவார்கள். பெரிய கடைகளில் விலை குறைக்க மாட்டார்கள், சின்னக் கடைகளில் டஜன் கணக்கில் எடுத்தால் கேட்காமலே குறைப்பார்கள். பில் கேட்டு வாங்குங்கள், துவைக்காத துணியாக இருந்தால் மாற்றித் தருவீர்களா என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சில கடைகளில் குழந்தைத் துணியை மாற்றித் தர மாட்டோம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், நான் போகும் கடையில் அளவு சரியில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக் கொடுக்கிறார்கள்.