வளர்ப்பா, ஆதாரமா: பக்தியும் அரசியல் சந்தேகமும்

கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவராக, யூத வீட்டுப் பிள்ளை யூதராக, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை முஸ்லிமாக வளர்வதைப் பார்த்து, 'அப்படியானால் நான் நம்புவது எதனால்?' என்று குழம்பிப்போனவர் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி (1058–1111). 1859இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இதையே வேறு விதமாகச் சொன்னார்: லண்டனில் ஒருவரை ஆங்கிலிக்கனாக்கிய (இங்கிலாந்துத் திருச்சபைக் கிறிஸ்தவராக்கிய) அதே காரணங்கள், பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) அவரைப் பௌத்தராகவோ கன்பூசியராகவோ ஆக்கியிருக்கும்.

ஆக, மதத்தில் வளர்ப்பின் கைதான் ஓங்குகிறது. ஆனால் பெற்றோர் ஓதும் உபதேசத்தைவிட அவர்கள் செய்வதுதான் ஒட்டுகிறது என்கிறார் மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் (2009). அம்மா பசியோடு நோன்பிருப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அதுவே ஆதாரம். சும்மா சொன்னால் யார் பட்டினி கிடப்பார்கள்? வளர்ப்பு, ஆதாரம் என்று நாம் போடும் கோடு இங்கேயே கொஞ்சம் அழிந்துவிடுகிறது.

சரி, அரசியல்? 'நான் எவனையும் நம்ப மாட்டேன், புள்ளிவிவரத்தைக் காட்டு' என்பவர்கள் நிறைந்த இடம். அமெரிக்க ஆய்வாளர் டான் கஹானும் சகாக்களும் 2013இல் அமெரிக்கர்களிடம் அப்படி ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் கிரீம் பூசியவர்களில் 223 பேருக்குக் குணம், 75 பேருக்கு மோசம். பூசாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு மோசம். 223 கண்ணைப் பறிக்கும். வகுத்துப் பார்த்தால் பூசாதவர்களே மேல் (மோசமானவர்களைப்போல் குணமானவர்கள், பூசியவர்களில் சுமார் மூன்று மடங்கு, பூசாதவர்களில் சுமார் ஐந்து மடங்கு). கணக்குத் தெரிந்தவர்கள் இதை எளிதில் பிடித்தார்கள். அதே எண்களை, துப்பாக்கித் தடை போட்ட, போடாத நகரங்களில் குற்றம் குறைந்ததா கூடியதா என்ற கணக்காக மாற்றியதும் கதை மாறியது. விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் சரியாக வகுத்தார்கள். பாதகமாக இருந்தால் தடுமாறினார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களிடம்தான் இந்தப் பிளவு அதிகம்.

எனக்கு மதத்தைவிட இதுதான் கவலை தருகிறது. பக்தர், 'என் வீட்டில் இப்படித்தான்' என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்வார். அரசியல் சந்தேகவாதியோ, யாரைச் சந்தேகிப்பது என்பதையும் வீட்டிலோ கூட்டாளிகளிடமோ கற்றுக்கொண்டு, அதைச் சொந்த அறிவு என்று நினைத்துக்கொள்கிறார்.

கஸ்ஸாலி என்ன ஆனார்? கிட்டத்தட்ட 2 மாதம் தன் கண்ணையும் காதையும்கூட நம்பாமல் கிடந்தார். மீண்டது எந்த வாதத்தாலும் அல்ல, இறைவன் நெஞ்சில் பாய்ச்சிய ஒளியால் என்று அவரே எழுதியிருக்கிறார். வந்து சேர்ந்தது பிறந்த மதத்துக்கேதான்.