அலுமினிய சைக்கிள்: பல வருட ஓட்டத்தில் எது உடைந்தது, எது தாங்கியது

இந்த சைக்கிள் எதிலும் மோதியதில்லை, பலமாகக் கீழே விழுந்ததும் இல்லை. ஆனாலும் இதில் உடைந்த உலோகப் பாகங்கள் எல்லாமே ஒரே காரணத்தால் போனவை: உலோகச் சோர்வு. ஒரு தடவை வந்தால் எதுவும் செய்யாத சுமை, லட்சக்கணக்கான தடவை வந்து போனதில் விரிசல் விழுந்து உடைந்தவை. வாங்கும்போது எடையையும் கியரையும்தான் பார்க்கிறோம். விளம்பரத்தில் இந்த விஷயம் வராது.

முதலில் போனவை பின்சக்கர ஸ்போக்ஸ், அதாவது சக்கரக் கம்பிகள். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் அடிப்பக்கம் வரும் நேரத்தில் அதன் இறுக்கம் குறைந்து, தாண்டியதும் பழையபடி ஏறும். 700சி என்ற அளவுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக 10,000 கி.மீ. ஓடினால் ஒவ்வொரு கம்பிக்கும் ஏறக்குறைய 47 லட்சம் தடவை இந்த ஏற்ற இறக்கம். உடைந்தவை எல்லாம் ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடத்தில்) மாட்டும் வளைவிலேயே உடைந்தன. தடித்த கம்பி போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்குக் கைகொடுத்தது நடுவில் மெலிந்த கம்பி. நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் வளைவுக்குப் போகும் அழுத்தம் குறைகிறது. அதைவிட முக்கியம், எல்லாக் கம்பிகளும் சீராக, போதிய இறுக்கத்தில் இருப்பது. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து வளைவில் அசையும், முதலில் போவதும் அதுதான். சக்கரத்தை இப்படி மறுபடி கட்டிய பிறகு ஒரு கம்பிகூட உடையவில்லை.

அப்புறம் இடது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 மிதிகள் அதன்மேல் விழும். துடைக்கும்போது பெடல் மாட்டும் துளைக்குப் பக்கத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. கீறலாக இருக்கும் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் கீறல் பரப்போடு நின்றுவிடும். இது விளிம்பைத் தாண்டி அடுத்த முகத்திலும் தொடர்ந்தது. நகத்தை குறுக்கே ஓட்டினால் தட்டியது. கழற்றி வைஸ் என்ற பிடிகருவியில் பிடித்து முறித்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்து, வழவழப்பாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போன்ற வரிகளோடு இருந்தது. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிய தடம் அது. மீதி ஒரு சின்னப் பகுதிதான் புதிதாக, சொரசொரப்பாகப் பளபளத்தது. இத்தனை நாள் என் மிதியைத் தாங்கியது அந்தச் சின்னப் பகுதி மட்டும்தான்! இதை வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சூட்டுப் பதப்படுத்திய அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலம் இழந்துவிடும்.

ஃபிரேம் மட்டும் இன்றுவரை கல்லு மாதிரி இருக்கிறது. அலுமினிய ஃபிரேம் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர், ஒரே தடவையில் உடைக்காத சுமையும் பல தடவை மாறி மாறி வந்தால் உடைத்துவிடும், அதில் சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் முக்கியம் என்று சோதனைகளில் காட்டினார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு; துரு இல்லாமல், சுமை அதற்குக் கீழேயே இருந்தால் நடைமுறையில் சோர்வு உடைவு வராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. அதனால்தான் குழாய்களைப் பருமனாகச் செய்து, வளைவு அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள். மோசமாக வெல்டிங் செய்த எஃகு ஃபிரேமைவிட ஒழுங்காகச் செய்த அலுமினிய ஃபிரேமே மேல் என்பது என் கட்சி.

ஹேண்டில்பாரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அதில் சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியில் வியர்வை தேங்கி அலுமினியம் அரிக்கும், அந்தக் குழிகளில்தான் விரிசல் தொடங்கும். அதனால் டேப் மாற்றும்போதெல்லாம் முழுசாகத் துடைத்து, ஸ்டெம் (ஹேண்டில்பாரை சைக்கிளோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் இடத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். குழி தெரிந்தால் மாற்றிவிடுவேன், பேரம் இல்லை.

கேரியர் போல்ட்டுகளும் உடைந்திருக்கின்றன, எல்லாம் தளர்ந்து கிடந்தவை. இறுக்கிய போல்ட்டில் சுமையின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் போல்ட்டை எட்டாது, இணைந்த பாகங்களே வாங்கிக்கொள்ளும். தளர்ந்தால் முழு அசைவும் போல்ட்டுக்கே. இப்போது செயினுக்கு எண்ணெய் விடும் அன்றைக்கே இவற்றையும் ஒருமுறை இறுக்கிவிடுகிறேன்.