மூளை அழற்சிச் சிகிச்சைக்கு ஒரு குழந்தைகள் மருத்துவமனை: வார்டு சிறப்பு, டிஸ்சார்ஜ் குறை

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் மூளை அழற்சிக்கு ஆளான எங்கள் ஏழு வயது மகனுக்குச் சென்னையில் உள்ள ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையையும், அதன் பிறகு அங்கேயே கிடைத்த நரம்பியல், மனநலச் சேவையையும் பற்றிய மதிப்பீடு இது. நான் சொல்லும் குறை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சலோடு வலிப்பும் வந்து, பேச்சு குழறி, பெற்றவர்களையே அடையாளம் தெரியாமல் விழித்த பிள்ளையைப் பார்த்ததுமே அவசரப் பிரிவு மருத்துவர் ஹெர்பிஸாக இருக்கலாம் என்று சந்தேகித்து, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிட்டார். உதட்டோரத்தில் கொப்புளம் போடும் அதே வைரஸ், மிக அரிதாக மூளையைத் தாக்குகிறது. மருந்து கொடுக்காமல் விட்டால் பத்தில் ஏழு பேர் வரை இறந்துபோகக்கூடிய நோய் என்பதால், இந்த வேகத்தைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் வைரஸைத் தேடும் முதல் பி.சி.ஆர். முடிவில் வைரஸ் இல்லை என்று வந்தபோதும் மருந்தை நிறுத்தவில்லை. நோயின் முதல் மூன்று நாட்களில் இந்தப் பரிசோதனை ஏமாற்றக்கூடும் என்று விளக்கி, சில நாள் கழித்து மீண்டும் நீர் எடுத்து உறுதிசெய்தார்கள்.

8 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து அது. 21 நாள் தொடர வேண்டும். இரத்தக் குழாயை எரிக்கும் மருந்து என்பதால் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை அடிக்கடி வீங்கும். நர்ஸ்கள் ஒவ்வொரு டோஸுக்கும் முன்பாக அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டே டிரிப்ஸைத் திறந்தார்கள். சிறுநீரகம் பாதிக்கப்படாமலிருக்கப் போதிய திரவமும் கொடுத்து, கிரியேட்டினின் அளவையும் இடையிடையே பார்த்துக்கொண்டார்கள்.

எங்களை ஏமாற்றியது டிஸ்சார்ஜ் சம்மரிதான். நான்கு பக்கங்களில் மூன்றில் இரத்தப் பரிசோதனை எண்கள். கடைசிப் பக்கத்தில் வலிப்பு மருந்தின் அளவும், இரண்டு வாரத்தில் மறு பரிசோதனைக்கு வரவும் என்ற ஒரு வரியும். இந்த வைரஸ் பெரும்பாலும் தாக்குவது, நினைவும் உணர்ச்சியும் சார்ந்த, நெற்றியோரப் பொட்டுக்கு உட்புறம் உள்ள மூளைப் பகுதியை. ஆகவே வீடு திரும்பும் பிள்ளைக்கு மறதி, கோபம், தூக்கக் குலைவு, கவனச் சிதறல் ஆகியவை வரலாம் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பத்தாவது நிமிடத்தில் "எனக்கு ஏன் சோறு போடல?" என்று கேட்டு, பாட்டியை அடிக்கக் கை ஓங்கிய பிள்ளையை, நோயில் செல்லம் கொடுத்ததால் கெட்டுப்போனான் என்றே வீட்டில் பேசிக்கொண்டோம். தொலைபேசியில் கேட்டபோது, குறித்த தேதியில் வாருங்கள் என்று வரவேற்பு மேசையிலேயே முடித்துவிட்டார்கள்.

இது வெறும் மன வருத்தம் சார்ந்த குறையன்று. ஹெர்பிஸ் மூளை அழற்சி குணமான சில வாரங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் இரண்டாவது அழற்சி வரக்கூடும்; 2018-இல் வெளியான ஸ்பானிய ஆய்வு ஒன்றில், தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 51 நோயாளிகளில் 14 பேருக்கு அது வந்தது. சிறு குழந்தைகளிடம் கை கால் கட்டுப்பாடின்றி அசைவதாகவும், சற்றுப் பெரியவர்களிடம் நடத்தை மாற்றமாகவும் அது வெளிப்படலாம். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற வேறு சிகிச்சைகள் அதற்கு உண்டு. அப்படியிருக்க, நடத்தை மாறினால் உடனே வாருங்கள் என்று எழுத ஒரு வரி போதும்.

மறு பரிசோதனையில் கிடைத்த சேவையோ வேறு தரம். நரம்பியல் மருத்துவர் இரண்டாவது அழற்சி இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்தார். கோபத்தில் ஒரு பங்கு லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்தால் வருவதாக இருக்கலாம் என்று அதை மாற்றி, அதே கட்டடத்தில் இருக்கும் குழந்தை உளவியலாளரிடம் அனுப்பினார். அப்படி ஒருவர் அங்கே இருப்பதையே அன்றுதான் அறிந்தோம்! அவர் மகனிடம் ஒரு சிறு கதையைச் சொல்லி, அரை மணி நேரம் விளையாடவிட்டு, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதையில் வந்த நாய் மட்டுமே அவனுக்கு நினைவிலிருந்தது. பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதை எங்கள் வீட்டுக்குப் புரியவைத்தது அந்த அரை மணி நேரம். பள்ளிக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதமும் பயனுள்ளது: முதல் மாதம் அரை நாள் வகுப்பு, முன்வரிசை இருக்கை, வாய்மொழிக் கட்டளைகள் ஒவ்வொன்றாக.

கட்டணம் அதிகம், எங்கள் காப்பீடு வெளிநோயாளர் செலவை ஏற்கவில்லை. செலவு தாங்காதவர்கள் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தை நாடலாம். 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசம்.

அவசரத்துக்கும் வார்டுக்கும் இந்த மருத்துவமனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். டிஸ்சார்ஜ் நாளன்று மட்டும், உளவியலாளரின் தேதியைக் கேட்டு வாங்காமல் பில் கட்டாதீர்கள். அவரைப் பார்க்கப் போகும்போது நோய்க்கு முந்தைய பள்ளி நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே கேட்பார்.