அக்ராவில் ஒரு வரலாற்று நடை: 1966 வரை அருமை, அதற்கப்புறம் அவசரம்

கானாவை யார் யார் எந்தப் பதவியில் உட்கார்ந்து ஆண்டார்கள் என்று தெருவில் நடத்திக் கூட்டிப்போய்ச் சொல்கிற காலை நடை இது. வரலாற்றில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

ஒரு காலத்தில் சிறையாக இருந்த ஜேம்ஸ் கோட்டையில் ஆரம்பிக்கிறார்கள், நல்ல தேர்வு. குவாமே நிக்ரூமா 1951 தேர்தலில் ஜெயித்தது இந்தச் சிறைக்குள் இருந்தபடியேதான். அடைத்து வைத்த ஆங்கிலேய அரசே அவரை விடுவித்து, ஆட்சிப் பொறுப்பில் கூட உட்காரவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் அந்தப் பொறுப்புக்குப் பிரதமர் என்ற பெயரும் வந்துவிட்டது. அந்த மதில் பக்கத்தில் நின்று இதைக் கேட்கும்போது சிலிர்க்கிறது.

அப்புறம் பழைய நாடாளுமன்றம், எதிரே பழைய போலோ மைதானம். 1957 மார்ச் 6 நள்ளிரவில் விடுதலையை அறிவித்த இடத்தில்தான் இப்போது நிக்ரூமாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் ஆட்சியைக் கவிழ்த்த 1966 ராணுவப் புரட்சியின்போது கூட்டம் உடைத்துத் தள்ளிய அவருடைய சிலை தலையில்லாமல் நிற்கிறது, தலை தனியாகப் பக்கத்திலேயே. அங்கே வழிகாட்டி எதையும் மூடி மறைக்கவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். 1958 தடுப்புக்காவல் சட்டம், குடியரசாவதையும் யார் ஜனாதிபதி என்பதையும் முடிவு செய்த 1960 ஏப்ரல் வாக்கெடுப்பு, ஜூலை 1 அன்று நாடு குடியரசானதும் பிரதமர் பதவியே இல்லாமல் போய் அதிகாரம் எல்லாம் ஜனாதிபதி நிக்ரூமா கைக்குப் போனது, அந்த வாக்கெடுப்பில் அவரை எதிர்த்து நின்ற டான்குவா 1965இல் சிறையிலேயே இறந்தது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

குறை அதற்குப் பிறகுதான். ஒரே ஆளிடம் அதிகாரம் குவிந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்ட நாடு, 1969 அரசியலமைப்பில் ஜனாதிபதியைப் பெயரளவுக்கு வைத்துவிட்டு பிரதமர் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தது. பூசியா பிரதமரானார். 1971 டிசம்பரில் நாணய மதிப்பைக் கடுமையாகக் குறைத்தார், அடுத்த ஜனவரி 13 அன்று அவர் சிகிச்சைக்காக லண்டனில் இருந்தபோது கர்னல் அச்சம்பாங் ஆட்சியைப் பிடித்தார். 1979, 1992 அரசியலமைப்புகள் இரண்டுமே நிர்வாகத்தை ஜனாதிபதியிடம் கொடுத்துவிட்டதால் பிரதமர் என்று அங்கே இன்றுவரை யாரும் இல்லை. இவ்வளவு பெரிய திருப்பத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறார்கள். தனியாகக் கேட்டபோது வழிகாட்டி அழகாக விளக்கினார், ஆக விஷயம் தெரியாமல் இல்லை, நிகழ்ச்சியில்தான் இடம் தரவில்லை. நிக்ரூமாவை மட்டும் தெரிந்துகொண்டு திரும்புகிறவருக்கு கானாவில் ஏன் இன்று பிரதமர் இல்லை என்பது பாதிதான் புரியும்.

கடைசியாக ஓசு கோட்டை. டேனிஷ்காரர்கள் கட்டி, அடிமை வியாபாரம் நடந்து, பிறகு ஆங்கிலேய ஆளுநர்களும் விடுதலைக்குப் பின் கானா அரசும் இருந்து ஆண்ட இடம். அங்கே போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும், நிழலும் குறைவு, அதனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். முன்பதிவு செய்யும்போதே பூசியா காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டு வையுங்கள்.