மெஷினுக்கு நாலு நட்சத்திரம், கையேட்டுக்கு ஒன்று

தையல் மெஷின் நல்ல மெஷின், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிக்ஜாக் சீராக விழுகிறது, சத்தம் குறைவு, ஜீன்ஸ் துணியை மடித்து வைத்தாலும் 100/16 அளவுத் தடித்த ஊசியில் திணறாமல் தைக்கிறது. என் குறையெல்லாம் கூட வந்த கையேட்டின் மேல்தான். தைக்கத் தெரியாத ஒருவர் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு திருகுக்கும் பெயர், எண், அம்புக்குறி எல்லாம் உண்டு. மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் டயலை 0 முதல் 9 வரை திருப்பலாமாம். சரி, எப்போது திருப்புவது? அதற்கு ஒரு வரி கிடையாது.

நூல் கோர்க்கும் பக்கத்தைப் பாருங்கள். படங்கள் அழகு. ஆனால் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கோர்க்க வேண்டும் என்பதைக் காணோம். ஃபுட் மேலே இருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராது, மேல்நூலுக்குப் பிடிப்பு இருக்காது. தைக்க ஆரம்பித்ததும் துணிக்கு அடியில் கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொள்ளும். புதிதாகத் தைப்பவர் என்ன செய்வார்? சிக்கல் கீழேதானே தெரிகிறது என்று அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றுவார். கையேட்டின் கோளாறு அட்டவணையும் அதையேதான் சொல்கிறது: அடியில் நூல் சிக்கினால் பாபினைச் சரிபார்க்கவும். மேல்நூலைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னிடம் தையல் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே, அடியில் சுருண்டால் மேலே பார் என்பதுதான்.

ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும் என்பதை விட்டுவிட்டார்கள். சாதா ஊசியில் தையல் விட்டு விட்டு விழும், வாங்கியவர் மெஷினைத் திட்டுவார்.

நடையில் குறையில்லை. சின்னச் சின்ன வாக்கியம், எழுத்துப்பிழை இல்லை. என்னை எழுதச் சொல்லியிருந்தால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையே எழுத மறந்திருப்பேன், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் அவரை அந்த மெஷினில் ஒரே ஒரு தலையணை உறை தைக்க விட்டிருக்கலாம். கோர்க்கும் பக்கம் அன்றைக்கே மாறியிருக்கும்.

மெஷினைத் தாராளமாக வாங்கலாம். ஃபுட்டைத் தூக்கிக் கோர்த்துவிட்டு, முதல் தையலுக்கு முன் மேல்நூல், அடிநூல் இரண்டின் முனையையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதுவும் கையேட்டில் இல்லை.